ஆடிட் நாளுக்கு ஓர் ஆபீசர்

போன மாதம் நான் படித்த கல்லூரியில் பாடத்திட்டக் கூட்டம் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அவிநாசிப் பக்கம் இருக்கிற சாதாரணக் கலை அறிவியல் கல்லூரிதான். ஏசி அறையில் உட்கார வைத்து, காபி கொடுத்து, திரையில் படம் காட்டினார்கள். சுற்றுச்சூழல் கல்வியையும் பட்டதாரிகளின் வேலைவாய்ப்பையும் எப்படி இணைப்பது என்பது தலைப்பு. வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் இந்தப் பக்கம் ஒரு வட்டம், அந்தப் பக்கம் ஒரு வட்டம் போட்டு நடுவில் ஓர் அம்புக்குறி இழுத்தார். படிப்பு என்ற வட்டத்திலிருந்து வேலை என்ற வட்டத்துக்கு அது வழுக்கிக்கொண்டு போனது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும், அது வேறு விஷயம். ஆனால் அந்த அம்புக்குறி வழியாக முட்டி தேய நடந்து வந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். “அது அவ்வளவு நேராப் போகாதுங்க” என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள். அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் தென்காசிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்களாம். அதனால் எனக்கு ஊர் என்றால் இதுதான். வீட்டுக்குள் ‘ஏட்டி’, வாசலைத் தாண்டினால் ‘ஏனுங்க’ என்று இரண்டு தமிழிலும் எனக்குச் சண்டை போட வரும். அப்பா ஓவர்லாக் மெஷினில் ஓரம் அடிக்கிற டெய்லர். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற டீ-சர்ட்டை டேபிளில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குகிற வேலை. ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் கேட்பது தண்ணீர் இல்லை, சுவர். சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே படுத்துக் கிடப்பாள்.

நான் கடைசி வருடம் படிக்கும்போது, அந்த டேபிளிலேயே எனக்கும் ஓர் இடம் சொல்லி வைத்துவிட்டாள்.

“ஏட்டி, சூப்பர்வைசர் சாருகிட்ட பேசிட்டேன். பரீட்ச முடிஞ்ச மறுநா வந்துரணும். எடம் ஒனக்காகக் காத்துக் கெடக்காது பாத்துக்கோ.”

“நான் டிகிரி படிக்கேம்மா.”

“படிச்சுக்கோ. கண்ணு நல்லாத் தெரியுதில்லா? ஓட்டைய சீக்கிரம் கண்டுபுடிப்ப.”

அதில் கிண்டல் பாதி, பயம் பாதி. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. செக்கிங் வேலை கேவலம் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை, எனக்குச் சோறு போட்டது அதுதான். ஆனால் அங்கேதான் போய் நிற்கப் போகிறேன் என்றால் பத்தாவது முடித்ததுமே போயிருக்கலாமே, கல்லூரி எதற்கு? அம்மாவுக்குப் பக்கத்து டேபிளில் எங்கள் கல்லூரி அக்கா ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். எனக்கு ஒரு வருடம் முன்னால் அதே சுற்றுச்சூழல் அறிவியலில் பட்டம் வாங்கியவள். அம்மா அவளைப் பற்றி எதுவும் தப்பாகச் சொன்னதில்லை. “பாவம், நல்ல புள்ள” என்று மட்டும் சொல்வாள்.

அந்தப் படிப்பை நான் ஆசைப்பட்டு எடுத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அதில்தான் இடம் காலியாக இருந்தது. முதல் இரண்டு வருடமும் நாங்கள் போஸ்டர் வரைந்தோம், மரம் நட்டோம். ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதம் போன வருடத்துக் குழியிலேயே இந்த வருடத்துக் கன்றை நடுவோம். பழைய குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, குழியின் ஓரத்தைச் சுண்ணாம்பு பூசி அழகு பண்ணுவோம். சிறப்பு விருந்தினர் பூவாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்ப்பார். துருவக் கரடியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்குவேன். கல்லூரிப் பேருந்து தினமும் சாயக் கழிவால் கெட்டுப்போன நொய்யல் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் போகும், ஆனால் ஜன்னல் வழியாகக் கீழே பாருங்கள் என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

வளாக நேர்முகத்துக்கு வந்த கம்பெனிக்காரர் என் படிப்பின் பெயரைக் கேட்டுவிட்டு, “அப்படியா, நல்லதுங்க. பேக்கிங் லிஸ்ட் அடிக்க வருங்களா?” என்றார். வராது என்றேன். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்.

மூன்றாம் வருடம் எங்களுக்குப் புதிய துறைத்தலைவர் வந்தார். காங்கேயம் பக்கத்து விவசாயக் குடும்பத்து அம்மா. ஸ்கூட்டரில் வருவார், வேகமாகப் பேசுவார், பாதிப் பேச்சிலேயே அடுத்த வேலைக்குப் போய்விடுவார். எங்கள் போஸ்டர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “போதுமுங்க கண்ணுகளா, கரடிய உட்டுருங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றார். கடைசி செமஸ்டர் முழுக்க மாணவர்கள் கம்பெனிகளில்தான் பயிற்சி எடுக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் சண்டை போட்டு வாங்கினார். இந்த வருடம் யாருக்காவது வேலை கிடைத்தால் தொடரலாம், இல்லையென்றால் பழையபடி மரம் நடலாம் என்று அவர்கள் சொன்னதாகவும் எங்களிடம் மறைக்காமல் சொன்னார்.

“நீங்க படிச்சதுக்கு இந்த ஊர்ல வேலை இருக்குது. அப்படியொரு வேலை இருக்குதுன்னு ஊருக்குத்தான் இன்னும் தெரியல” என்பார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. திருப்பூர்ச் சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் இப்போது துணியின் விலையை மட்டும் கேட்பதில்லை. சாயத்தண்ணீர் எங்கே போகிறது, என்ன கெமிக்கல், அதைத் தொடுகிறவன் கையுறை போட்டிருக்கிறானா என்றெல்லாம் கேட்கிறார்கள். கேட்பதோடு விடாமல் நேரில் ஆள் அனுப்பியும் பார்க்கிறார்கள். அதற்குப் பெயர் ஆடிட். பதில் சொல்ல ஒவ்வொரு கம்பெனியிலும் ஓர் ஆள் வேண்டும். பல இடங்களில் அந்த ஆள் முதலாளியின் மச்சானும் அவர் கையில் இருக்கும் ஒரு ஃபைலும்தான்.

எனக்கு வந்தது அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு சாயப்பட்டறை. முதலாளிக்கு மூலனூர்ப் பக்கம் முருங்கைத் தோட்டம் உண்டு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் ஏதாவது ஒரு கலர்த் துணித் துண்டு. நல்ல மனிதர், கெட்டிக்கார மனிதர். இரண்டும் ஒரே ஆளாக இருப்பதுதான் கஷ்டம்.

“வாங்க கண்ணு. சாப்ட்டீங்களா? எந்த ஊருங்க உங்குளுக்கு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் ரிசப்ஷனில் இருந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் என்னை உட்கார வைத்துவிட்டார். பில் அடிப்பதுதான் பயிற்சி.

இரண்டு நாள் அடித்தேன். மூன்றாம் நாள் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். யாரும் என்னைத் தேடவில்லை என்பதால் நான்காம் நாளும் போனேன். பின்பக்கம்தான் சுத்திகரிப்பு நிலையம். சாயத்தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வெளியே போகக் கூடாது என்பது இங்கே சட்டம். எல்லாத் தண்ணீரையும் சுத்தம் பண்ணித் திரும்ப சாயத்துக்கே எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் மிஞ்சுகிற கசடை, ஸ்லட்ஜ் என்பார்கள், மூட்டை கட்டிக் கூரைக்குக் கீழே அடுக்க வேண்டும். புத்தகத்தில் நான் ஒரு பக்கக் கட்டுரையாக எழுதி மார்க் வாங்கிய சமாச்சாரம். நேரில் பார்த்தபோது ஈரச் சாக்கு நாற்றம் தாங்க முடியவில்லை. வாந்தி எடுத்தேன், வாயைக் கழுவிக்கொண்டு திரும்பப் போனேன்.

அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் ஒடிசாக்காரர்கள். கெமிக்கல் டிரம் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு எச்சரிக்கை அட்டை மாட்டியிருந்தது. எல்லாம் ஆங்கிலம், எல்லாம் கண்ணாடி போட்ட ஃபிரேம். கீழே நிற்கிற யாருக்கும் அதில் ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாது. எனக்குமே பாதிதான் புரிந்தது. துறைத்தலைவரிடம் கேட்டு, புத்தகத்தைப் புரட்டி, ஒவ்வொன்றையும் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டினேன். என் இந்தி எழுத்தைப் பார்த்து அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பரவாயில்லை, சிரிப்பதற்காகவாவது எல்லா அட்டையையும் படித்தார்கள்.

டிரம்களுக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு கண் கழுவும் குழாய் இருந்தது. கண்ணில் கெமிக்கல் பட்டால் காலால் மிதிக்க வேண்டும், தண்ணீர் பீய்ச்சும். நான் மிதித்தேன். ஒன்றும் வரவில்லை. குனிந்து பார்த்தால் பைப்பே இல்லை. போன ஆடிட்டுக்கு வாங்கி நிறுத்தியதாம், தண்ணீர் இணைப்புக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லையாம். முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

“அது ஷோவுக்கு வச்சதுங்க கண்ணு” என்றார்.

“கண்ணு போனா ஷோவுக்கு வச்சுக்க முடியாதுங்களே சார்.”

என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் பிளம்பர் வந்தார். அன்றிலிருந்து பில் அடிக்க என்னை யாரும் கூப்பிடவில்லை. ஸ்லட்ஜ் மூட்டைகளை மழை படாத இடத்துக்கு மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். டிரம்களுக்கு அடியில் தட்டு வைக்கச் சொன்னேன், முணுமுணுத்துக்கொண்டே வைத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. படித்த ஒன்று கைக்கு வந்து வேலை செய்வதை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

செமஸ்டர் முடிந்தது, பரீட்சையும் எழுதி முடித்தேன். பயிற்சி அறிக்கை மட்டும் பாக்கி. அம்மா சூப்பர்வைசரைக் கெஞ்சி அடுத்த திங்கட்கிழமை வரை என் இடத்தை நிறுத்தி வைத்திருந்தாள். முதலாளியிடம் வேலை கேட்டேன். “பார்த்துக்கலாமுங்க கண்ணு, எங்க போகப் போறோம்” என்றார். கொங்கு நாட்டில் ‘பார்த்துக்கலாம்’ என்றால் இல்லை என்று அர்த்தம். நேராக இல்லை என்று சொல்வது மரியாதை இல்லையே.

அந்த வாரம்தான் ஆடிட் வருகிறது என்று தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை.

ஆடிட் வந்தால் எங்கள் ஊர்க் கம்பெனியில் நோம்பி சாட்டிய மாதிரிதான், கோயில் திருவிழா அமர்க்களம். வெள்ளை அடிப்பார்கள், தரையில் மஞ்சள் கோடு போடுவார்கள், கக்கூஸில் சோப்பு வரும். பீரோவிலிருந்து புது மாஸ்க்கும் கையுறையும் வெளியே எடுத்துக் கொடுப்பார்கள். சாயங்காலம் திரும்ப வாங்கி வைத்துவிடுவார்கள். முந்தின நாள் ஒத்திகை நடக்கும். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லோரும் மனப்பாடம் பண்ண வேண்டும். வந்து பார்க்கிறவர்களுக்கும் இது தெரியாமல் இருக்காது என்பது என் எண்ணம்.

புதன்கிழமை மத்தியானம் முதலாளி என்னைக் கூப்பிட்டு ஓர் அடையாள அட்டையை நீட்டினார். என் போட்டோ, என் பெயர். அதற்குக் கீழே ‘சுற்றுச்சூழல் அதிகாரி’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

ஒரு நிமிடம் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. “வேலை குடுத்துட்டீங்களா சார்?” என்றேன்.

“அட, வெள்ளிக்கிழமைக்குங்க கண்ணு. இந்தத் தடவை அந்தப் பதவியில ஆள் இருக்கோணும்னு பையர் கண்டிசனாச் சொல்லிட்டான். நீங்க வெள்ளைக் கோட்டுப் போட்டுட்டு நில்லுங்க. எத்தன நாளா இருக்கீங்கன்னு கேட்டா ரெண்டு வருசம்னு சொல்லிருங்க. அவ்வளவுதான். சாயங்காலம் கார்டை ஆபீஸ்ல குடுத்துட்டுப் போயிருங்க. உங்களுக்கு நல்ல சர்ட்டிபிகேட் ஒண்ணு அடிச்சுத் தாரேன்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. பைப் இல்லாத குழாயை நிறுத்தியவர், இப்போது என்னை நிறுத்தப் பார்க்கிறார், அவருக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் துருவக் கரடி வரைந்துகொண்டிருந்தேன்.

வெளியே வந்து துறைத்தலைவருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். “ஒரு நாள்தானே கண்ணு. சொல்லிட்டு வந்துருங்க. அவர்கிட்ட நல்ல பேர் இருந்தா அடுத்த வருசமும் நம்ம பசங்களை அனுப்பலாம்” என்றார். அவர் குரலே அவருக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்குக் கேட்டது. அவருக்கும் மேலே நிர்வாகம் இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் மேல் கோபப்பட என்னால் முடியவில்லை.

வீட்டில் அம்மா சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். அட்டையைக் காட்டினேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“ஏட்டி, நான் எத்தன ஆடிட்டுல பொய் சொல்லிருக்கேன்னு ஒனக்குத் தெரியுமா? ஓவர்டைமே பாக்கதில்லன்னு சொல்லிருக்கேன். உக்கார ஸ்டூல் குடுத்திருக்காவன்னு சொல்லிருக்கேன். அன்னைக்கு மட்டும் ஸ்டூல் வரும். ஒரு பொய்க்காவது எனக்கு ஏதாவது கெடச்சுதா? பொய் சொல்லுதது நம்ம. பலன் அவாளுக்கு.”

“அப்ப சொல்லக் கூடாதுங்கியா?”

“எனக்கு என்னட்டி தெரியும். ஒனக்கு நான் எடம் போட்டு வச்சிருக்கேன். திங்கக்கெழம அங்க வந்து நில்லு, ஒன்னைய யாரும் பொய் சொல்லச் சொல்ல மாட்டாவ. அடுத்த ஆடிட்டு வார வரைக்கும்.”

அம்மாவின் அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. எங்கே போய் நின்றாலும் ஒரு ஆடிட் வரும். அப்படியானால் ஓடி ஒளிவதில் அர்த்தமே இல்லை. வேலை என் பெயர் போட்டுக் கையில் இருக்கிறது. பொய்யாகவே இருக்கட்டும், அந்தப் பொய் அவர்களுக்கு வெள்ளிக்கிழமை வரை தேவை. அதை நிஜமாக்கித் தரச் சொல்லிக் கேட்டால் என்ன என்று தோன்றியது.

வியாழக்கிழமை காலையில் முதலாளி டீ குடித்துக்கொண்டிருக்கும்போது போய் அட்டையை மேஜைமேல் வைத்தேன்.

“இந்தக் கார்டுல என்ன வேலை போட்டிருக்குதோ அதை எனக்குக் குடுத்துருங்க சார். போட்டுக்கறேன்.”

“ஆடிட் முடியட்டுமுங்க கண்ணு, பேசிக்கலாம்.”

“ஆடிட் முடிஞ்சா நீங்க பேச மாட்டீங்க சார்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை, வேடிக்கை பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். “இந்தக் கோட்டை ரிசப்ஷன் புள்ளைக்குப் போட்டு உட்டா ஆச்சு. நீங்க எதுக்குங்க வீணா?”

“தாராளமாப் போடுங்க சார். ஸ்லட்ஜை எங்கே அனுப்பறீங்க, எப்படி மூட்டை கட்டறீங்கன்னு கேட்டா அவங்க என்ன சொல்லுவாங்க? மூணாவது டிரம்முல என்ன இருக்குது, கையில பட்டா என்ன பண்ணோணும்னு கேட்டா?”

அவர் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் அந்தப் பட்டறையில் பதில் தெரிந்தது எனக்கு மட்டும்தான் என்பது பேசும்போதுதான் எனக்கே உறைத்தது. மூன்று வருடம் படித்ததற்கு அப்போதுதான் முதல் முறையாக ஒரு விலை இருந்தது.

“நாளைக்குக் காலையில வாங்க” என்றார்.

வந்தேன். ஆர்டர் தயாராக இல்லை. அவர் அந்தப் பக்கம் தரையில் மஞ்சள் கோடு காய்ந்ததா என்று பார்க்கப் போனார், இந்தப் பக்கம் பூ வாங்க ஆள் அனுப்பினார், நான் அவர் கொடுத்த வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். “போட்டுக்குங்க கண்ணு, வந்துருவாங்க” என்றார். “ஆர்டர் வரட்டுங்க சார்” என்றேன். வாசலில் கார் ஹாரன் கேட்டது. ஆடிட்டர் வந்துவிட்டார். முதலாளி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குள் ஓடினார். கம்பெனி லெட்டர்ஹெட்டில் டைப் அடித்து வைத்திருந்த தாளை டிராயரிலிருந்து இழுத்தார். அடித்துத்தான் வைத்திருந்தார் மனிதர், கொடுக்காமல் தப்பிக்க முடியுமா என்று கடைசி வரை பார்த்திருக்கிறார். தேதி போடும் இடம் காலியாக இருந்தது.

“ரெண்டு வருசம் முன்னாடித் தேதி போட்டுருட்டுங்களா?”

“இன்னைக்குத் தேதி போடுங்க சார். அப்போ நான் பர்ஸ்ட் இயர்.”

மறுபடியும் ஹாரன். இன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்தைக் கிறுக்கினார். “தாளை உள்ள வச்சுக்குங்க. கேட்டா ரெண்டு வருசம்னு சொல்லிருங்க, என் சாமி” என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டேன்.

பெங்களூரிலிருந்து வந்த ஆடிட்டர் ஒரு பெண். ஸ்போர்ட்ஸ் ஷூ, தோளில் பை. நான் கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்த ஆங்கிலத்தை ஆரம்பித்ததும், “நான் ஓசூர் ஆளும்மா, தமிழ்லயே சொல்லு” என்றார். எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

சுற்றிக் காட்டினேன். டிரம் அட்டைகளைப் பார்த்தார், என் கோணல் இந்தியைப் பார்த்துச் சிரித்தார். ஓர் ஒடிசாக்காரரைக் கூப்பிட்டு அதைப் படிக்கச் சொன்னார், அவர் கடகடவென்று படித்தார். ஆடிட்டர் கண் கழுவும் குழாயைப் படக்கென்று மிதித்தார். தண்ணீர் பீய்ச்சி அவர் துப்பட்டா நனைந்தது. முதலாளி துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். ஸ்லட்ஜ் மூட்டைகளுக்கு முன்னால் நின்று ஆடிட்டர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். தெரியாத இரண்டு விஷயத்துக்குத் தெரியாது என்றேன். முதலாளியின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்துகொண்டு வந்தது. இந்தப் புள்ளையை நம்பினால் தப்பில்லை என்று நினைத்திருப்பார்.

கடைசியாக மீட்டிங் ரூமில் உட்கார்ந்தோம். ஆடிட்டர் லேப்டாப்பைத் திறந்துகொண்டு, தலை நிமிராமல் கேட்டார்.

“இந்தப் பொறுப்புல எவ்வளவு நாளா இருக்கீங்க?”

முதலாளி மேஜைக்கு அந்தப் பக்கம் விரல் இரண்டைத் தாடையில் வைத்துக்கொண்டிருந்தார். அது எனக்கான சைகை. இரண்டு வருடம் என்று சொல்லியிருந்தால் அன்று எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் திங்கட்கிழமையே அவர் என்னை வீட்டுக்கு அனுப்பினாலும், அந்த இரண்டு வருடத்தைக் காட்டி நான் யாரிடமும் நியாயம் கேட்க முடியாது. பொய்யான இரண்டு வருடத்தைவிட எனக்கு நிஜமான அரை நாள் பெரிதாகப் பட்டது.

“இன்னைக்குக் காலையில இருந்துங்க மேடம்.”

அவர் தலையைத் தூக்கினார். “என்னது?”

“மூணு மாசத்துக்கு மேல இங்கேதான் இருக்கேன். காலேஜ்ல இருந்து பயிற்சிக்கு வந்தேன். வேலைக்கு எடுத்தது இன்னைக்குத்தான்.” மடித்து வைத்திருந்த ஆர்டரை எடுத்து நீட்டினேன்.

“இதுக்கு முன்னாடி இந்தப் போஸ்ட்ல யாரு இருந்தாங்க?”

“யாரும் இல்லீங்க மேடம்.”

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். ஆடிட்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆர்டரைப் பார்த்தார். பிறகு ரொம்ப நேரம் டைப் அடித்தார். அந்தச் சத்தத்தில் என் வேலை ஓர் அரை நாளோடு முடிந்து போவதாகத்தான் எனக்குக் கேட்டது.

“சார், இவங்களை இன்னைக்கு அப்பாயின்ட் பண்ணியிருக்கீங்கன்னு ரிப்போர்ட்ல போட்டுட்டேன்” என்றார் ஆடிட்டர். “இத்தனை நாள் ஆள் இல்லைன்னும் போட்டிருக்கேன், அதைச் சரி பண்ணதாவும் போட்டிருக்கேன். அடுத்த தடவை வர்றப்போ இவங்க இங்கே இருக்கணும். இல்லைன்னா ஏன் இல்லைன்னு பையர் கேட்பாங்க.”

“இருப்பாங்க மேடம், இருப்பாங்க” என்றார் முதலாளி. அவருக்கு வேறு வழி இருந்ததா என்ன.

கார் போன பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்து, சட்டைப் பையிலிருந்த துணித் துண்டால் நெற்றியைத் துடைத்தார். சாயம் நெற்றியில் ஒட்டியது. நான் சொல்லவில்லை. “திங்கக்கெழமை உங்களைக் கணக்கு முடிச்சு அனுப்பிரலாம்னுதானுங்க நெனச்சேன்” என்றார், எப்போதும்போல மரியாதையாக. “இனி அதும் முடியாது. நல்லா மாட்டி உட்டீங்க கண்ணு.”

“நான் அதுக்குச் சொல்லலீங்க சார். நெஜத்தைத்தான் சொன்னேன்.”

“அதுதானுங்க, அது இன்னும் மோசம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அட்டையை ஆபீசில் கொடுக்காமல் கழுத்தில் போட்டுக்கொண்டே பஸ் ஏறினேன். வீட்டுக்குப் போய் ஆர்டரை அம்மாவிடம் கொடுத்தேன். ஆங்கிலம் அவளுக்குப் படிக்க வராது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மேலே இருந்த கம்பெனி முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். முதல் நாளே ஆடிட்டரிடம் உண்மையைச் சொன்னேன் என்று கேட்டதும், “வெளங்கிரும்” என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்து அவளுடைய சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“சார், திங்கக்கெழம எம்மவ வரமாட்டா. அந்த எடத்த வேற யாருக்காவது குடுத்துருங்க. ஆமா சார், வேல கெடச்சிருச்சு.”

அவர் ஏதோ கேட்டார். அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

“ஏட்டி, ஒன் வேலைக்குப் பேரு என்ன?”

சொன்னேன். ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, போனைக் காதில் வைத்தாள்.

“சுற்றுச்சூழல் அதிகாரி, சார்.” அந்தப் பக்கம் அவர் சிரித்திருக்க வேண்டும். அம்மாவின் குரல் சட்டென்று நிமிர்ந்தது. “இல்ல சார். ஆடிட்டுக்கு இல்ல. நெசமாத்தான்.”